93 சதவீதம் நிஜமா?

கேள்வி: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93-ம் குரலும் உடல்மொழியும்தான் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நிஜமா சார்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கால்வாசி நிஜம். 1967-ல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் அமெரிக்காவில் நடத்திய இரண்டு சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றை வார்த்தைகளை விதவிதமான குரலில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களையும் காட்டி, பேசுகிறவருக்கு எதிரே இருப்பவரைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். வார்த்தைக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார், வகுப்பெடுப்பவர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள்!

காட்பாடி ஸ்டேஷனில் சென்னை வண்டி எந்த பிளாட்பாரம் என்று கேட்டால் நம்பர்தான் வேண்டும், சொல்பவர் முகத்தை வைத்து என்ன செய்வது? ஆனால் வீட்டில் 'இன்னைக்கு வர லேட்டாகும்' என்று சொல்லிப் பாருங்கள். 'சரி' என்ற ஒரே வார்த்தை, சிரித்துக்கொண்டே வந்தால் ஒரு அர்த்தம், வெடுக்கென்று வந்து பின்னாலேயே தட்டு டங்கென்று சமையல் மேடையில் விழுந்தால் வேறு அர்த்தம். அங்கே தட்டைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம், சைகையும் ஊருக்கு ஊர் மாறும். வேலூர்க் கோட்டை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு, நாம் 'ஆமாம்' என்று பக்கவாட்டில் ஆட்டும் தலை மறுப்பாகத் தெரியலாம்.