நிறுவனத்துக்குச் சப்ளை செயின் உத்தி வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மேலிடம் கெடு வைத்துக் கேட்டிருக்கும். நீங்களும் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

முதலில் கடந்த 24 மாதக் கொள்முதல் ஆர்டர்களை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று தேதிகள் வேண்டும்: ஆர்டர் போட்டது, சப்ளையர் முதன்முதலில் ஒப்புக்கொண்டது, சரக்கு தரச்சோதனை முடிந்து கிடங்கில் பதிவானது. 'முதன்முதலில்' என்பது முக்கியம். சப்ளையர் தாமதிக்கும்போதெல்லாம் கொள்முதல் பிரிவு கணினியில் தேதியைத் தள்ளிப் போட்டுவிடும். பிறகு அறிக்கையில் எல்லாருமே சொன்ன நேரத்துக்குக் கொடுத்ததாக வரும். சரக்கு இரண்டு மூன்று தவணையாக வந்திருந்தால் கடைசித் தவணையின் தேதியைக் கணக்கில் எடுங்கள்.

இதிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் லீட் டைமின் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு கிடங்கில் பதிவாகும் வரை ஆகும் நாள்) சராசரியையும், அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்று காட்டும் திட்ட விலக்கத்தையும் கணக்கிடுங்கள். பெரும்பாலோர் சராசரியோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு பொருள் நாளொன்றுக்குச் சராசரியாக 100 விற்கிறது, அந்த விற்பனையின் திட்ட விலக்கம் 20, லீட் டைம் 16 நாள் என்று வையுங்கள். ஸ்டாக் தீராமலிருக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் அதற்கான காரணி 1.65. விற்பனை ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்தால் பாதுகாப்பு இருப்பு (எதிர்பாராததைச் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் ஸ்டாக்) 1.65 × 20 × √16, அதாவது 132. லீட் டைமும் 4 நாள் விலக்கத்தோடு ஆடுகிறது என்றால் √(16 × 20² + 100² × 4²) × 1.65, சுமார் 673. ஐந்து மடங்கு! இப்போது சப்ளையரை நெருக்கி லீட் டைமை 8 நாளாக்கி, ஆட்டத்தை அப்படியே விட்டால் 667. ஆறு எண்ணிக்கைதான் மிச்சம். 16 நாளே இருக்கட்டும், விலக்கத்தை 1 நாளாக்குங்கள்: 211 போதும். லீட் டைம் குறைந்தால் வழியில் கிடக்கும் சரக்கு பாதியாகும், மறுக்கவில்லை. ஆனால் கிடங்கை நிரப்புவது தாமதத்தைவிட நிச்சயமின்மைதான்.

புள்ளியியல் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருமுன்: இந்தச் சூத்திரம் இயல்நிலைப் பரவலை, அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி இருபுறமும் சமமாகக் குவியும் என்பதை, நம்பி நிற்கிறது. எப்போதாவது ஒன்றிரண்டு விற்கும் உதிரிபாகங்களுக்கு இது பொருந்தாது. அந்த 95 சதவீதமும் நூறு ஆர்டர் சுழற்சியில் 95 முறை ஸ்டாக் தீராது என்பதைத்தான் சொல்கிறது. கேட்ட அளவில் 95 சதவீதம் கொடுப்போம் என்று விற்பனைப் பிரிவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது பொருள்களை வகை பிரிப்பது. எல்லாப் பொருளுக்கும் ஒரே கொள்கை வைப்பது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம். மதிப்பு அதிகம், தேவை சீர்: சிறு அளவில் அடிக்கடி ஆர்டர். மதிப்பு குறைவு, தேவை சீர்: மொத்தமாக வாங்கிப் போடுங்கள். மதிப்பு அதிகம், தேவை தாறுமாறு: முழுப் பொருளாக அடுக்காமல், பல பொருளுக்கும் பொதுவான பாகங்களாக வைத்து ஆர்டர் வந்தபின் இணையுங்கள்.

சப்ளையர் பக்கம், பீட்டர் கிரால்ஜிக் 1983இல் தந்த கட்டம் இன்றும் உதவும்: ஓர் அச்சில் லாபத்தின் மீதான தாக்கம், மறு அச்சில் சப்ளை அபாயம். மலிவான, ஆனால் ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பாகத்தைத்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். 2000 மார்ச்சில் அமெரிக்காவின் அல்புகெர்க்கியில், கைபேசி நிறுவனங்களான நோக்கியாவுக்கும் எரிக்சனுக்கும் சிப் தந்த பிலிப்ஸ் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. நோக்கியா உடனே வேறு ஆலைகளின் உற்பத்தியைக் கேட்டுப் பிடித்தது. அதே ஆலையையே நம்பியிருந்த எரிக்சனுக்கு மாற்று வழி இல்லை. இழப்பு கோடிக்கணக்கான டாலர்.

இதையெல்லாம் செய்தும் ஒன்று கெடுக்கும், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொள்முதல்காரருக்கு விலைக்குறைப்பில் போனஸ், விற்பனைக்காரருக்கு மாதக்கடைசி இலக்கில் போனஸ், ஸ்டாக் ஏறினால் திட்டு மட்டும் கிடங்குக்காரருக்கு! தள்ளுபடிக்காக ஆறு மாதச் சரக்கை ஒரே லாரியில் இறக்கியவரை யாரும் கேட்பதில்லை. ஆகவே கொள்முதல் இலக்கில் லீட் டைம் விலக்கத்தையும், விற்பனை இலக்கில் முன்கணிப்புப் பிழையையும் சேர்க்க வேண்டும் என்று உங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எதிர்ப்பு வரும். நிர்வாக இயக்குநர் கையெழுத்து இல்லாமல் அது நகராது.

மென்பொருளா? லீட் டைம் கட்டத்தில் எல்லாப் பொருளுக்கும் 30 என்று நிரப்பி வைத்திருந்தால், எதை வாங்கினாலும் அது அந்த 30ஐத்தான் வேகமாகப் பெருக்கித் தரும்.