அந்த ஆறு வரிகள்

வணக்கம் அண்ணா,

எனக்கு உப்புவெளி. மென்பொருள் வேலையில் சேர்ந்து எட்டு மாதம். வி.எஸ். கோட் எடிட்டரில்தான் எழுதுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள், விம் என்ற பழைய எடிட்டர் தெரியாதவன் புரோகிராமரே இல்லை என்கிறார்கள். மாறட்டா? இன்னொன்று, பழைய ஃபைல் ஒன்றை ஏஐயிடம் கொடுத்து ‘சுத்தப்படுத்து’ என்றேன். 200 வரி 60 வரியானது. மேலாளர் பாராட்டினார். இனிச் சுத்தமாகக் கோட் எழுதப் பழகத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விம் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பில் ஜாய் 1976இல் வி.ஐ. என்ற எடிட்டரை எழுதினார். அந்த வழியில் பிராம் மூலெனார் 1991இல் விம்மை வெளியிட்டு, 2023இல் கண்மூடும்வரை அதைப் பராமரித்தார். திறந்தவுடன் உகண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவச் சொல்கிற எடிட்டர் அது. அதற்காகவே ஒருமுறை திறந்து பாருங்கள்; வெளியே வரத் தெரியவில்லை என்று எனக்கு எழுதவேண்டாம். மற்றபடி கைக்குப் பழகினதிலேயே தட்டுங்கள்.

ஏஐ பற்றியும் எனக்குச் சண்டை இல்லை. நானும் தினமும் பாவிக்கிறேன். கோபம் வந்தது வேறிடத்தில். மேலாளர் பாராட்டியதை எழுதிய நீங்கள், போன 140 வரிகளும் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஒரு சொல் எழுதவில்லையே!

உங்கள் வயதில் நானும் பாராட்டு வாங்கியிருக்கிறேன். உட்துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கந்தோர். வாடிக்கையாளர் பெயர், விலாசம் தேடும் மென்பொருள். எழுதியவர் கனடா போய்விட்டார். உள்ளே ‘சரிபார்2’ என்று ஆறு வரியில் ஒரு ஃபங்ஷன். ‘திருகோணமலை’ என்று கொடுத்தேன், ‘திருகோணமலை’ என்றே திருப்பித் தந்தது. ‘யோகராசா’ கொடுத்தேன், அதே யோகராசா. கொடுத்ததையே திருப்பித் தருவதற்கு ஒரு ஃபங்ஷனா? சிரித்துக்கொண்டே அழித்தேன்.

அடுத்தநாள் மூதூர் வருகிறது, நிலாவெளி வருகிறது, திருகோணமலை பாதிதான் வருகிறது. இருக்கிற ஊரையே காணவில்லை! நம் ஊர்ப் பெயரில் ‘க்’ போடுவதா விடுவதா என்ற பழைய வழக்குத்தான் என்று நினைத்து, அதிலேயே ஒரு நாளைத் தொலைத்தேன். அதுவல்ல. பழைய பதிவுகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ரைப் பண்ணியவை. பாமினியில் ‘கோ’ மூன்று துண்டு: இரட்டைக் கொம்பு, ககரம், கால். ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தருகிற யூனிகோடுக்கு அவற்றை மாற்றியவர் கொம்பையும் காலையும் சேர்க்காமல் தனித்தனியாகவே விட்டிருக்கிறார். யூனிகோடில் ஓகாரக் குறிக்கு 0பிசிபி என்று தனி எண் உண்டு. கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது. ஆனால் எண்ணை எண்ணோடு ஒப்பிடுகிற நிரலுக்கு அந்தச் சமம் தெரியாது. புதிதாக அடித்த திருகோணமலை 10 எண், பழையது 11. திரையில் பார்த்தால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

நான் அழித்த ஆறு வரியும் அந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தன. என் கண் எதை நம்பியதோ அதைத்தான் உங்கள் ஏஐயும் நம்பும், அதற்குப் பாமினிக் காலம் தெரிய நியாயமில்லை. கனடாக்காரரையும் விடமாட்டேன். ‘சரிபார்2’ என்பது ஒரு பெயரா? ‘ஓகாரத்தை ஒன்றாக்கு’ என்று வைத்திருந்தால் நான் தொட்டிருப்பேனா? மேலே ஒரே ஒரு வரிக் குறிப்பு, ‘பாமினிப் பதிவுகளுக்காக’ என்று போட அவருக்கு என்ன பஞ்சி? எட்டு வருடம் கழித்தும் எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆறவில்லை. என்மேலும்தான்.

சரி, பாராட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பிள்ளைக்குக் கிடைத்ததுதான். கோடின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கிற கிட்டில் பழைய கமிட் இருக்கும். எடுத்து, அழிந்த 140 வரியையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஏன் இருந்தது என்று சொல்ல முடியாத வரியைத் திரும்பப் போடுங்கள். இன்று வியாழன். நாளைப் பின்னேரம் அந்த 60 வரியை ஏற்றிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள்.