வாசகர் கேள்வி பதில்: குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒண்ணா?

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல சர்க்கரை பத்தின கேள்விதான், அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், குளுக்கோஸ் இல்லன்னா மூளை வேலையே செய்யாதுங்கறாங்க, அவங்களே சர்க்கரையை தொடாதீங்கன்னும் சொல்றாங்க. எதை நம்புறது?

ரெண்டையும் நம்பலாம். மூளை ஒரு நாளைக்கு சுமாரா 120 கிராம் குளுக்கோஸ் செலவு பண்ணுது. ரத்த சிவப்பணு பாடு இன்னும் மோசம், அதுக்குள்ள எனர்ஜி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, குளுக்கோஸை விட்டா வேற எரிபொருள் இல்ல. ஆனா அதுக்காக நீங்க ஸ்பூன்ல அள்ளி போட்டுக்கணும்னு இல்லையே! மாவுச்சத்துங்கறதே குளுக்கோஸை கோர்த்த நீள சங்கிலிதான், வாயில எச்சில் பட்டதுமே அறுபட ஆரம்பிச்சு சிறுகுடல்ல தனித்தனி குளுக்கோஸா பிரிஞ்சு ரத்தத்துக்கு போயிடும். பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சேர்த்து வச்ச குளுக்கோஸ் இருப்பை, அதாவது கிளைகோஜனை, உடைச்சு விடும், அது சுமார் 100 கிராம் தேறும், அதுவும் தீர்ந்தா புரதத்துல இருந்து புதுசாவே தயாரிச்சுக்கும். சாப்பிட்டே ஆகணும்னு சில அமினோ அமிலம் இருக்கு, சில கொழுப்பு இருக்கு, அப்படி ஒரு சர்க்கரைகூட கிடையாது.

இன்னொரு கணக்கும் பாருங்க. உடம்புல 5 லிட்டர் ரத்தம், டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ்னு வச்சா மொத்தமே 5 கிராம்தான், ஒரு டீஸ்பூனுக்கு கொஞ்சம் மேல. 330 மில்லி குளிர்பான டின்ல சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கு. அதை ஒரே மூச்சுல குடிச்சா இன்சுலின் எவ்ளோ அவசரமா ஓடி வரணும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கேள்வி: குளுக்கோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் ஃபார்முலா ஒண்ணுதானாம். அப்புறம் பழத்துல இருக்கிற ஃப்ரக்டோஸ் மட்டும் ஏன் கெட்டதுங்கறாங்க? அப்போ பழம் சாப்பிடக்கூடாதா?

ஃபார்முலா ஒண்ணுதான், ரெண்டுலயும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். பால்ல இருக்கிற கேலக்டோஸுக்கும் அதேதான். அணுக்கள் எந்த வரிசையில எந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்குங்கறதுதான் வித்தியாசம், ஆனா உடம்புக்கு அது ரொம்ப பெரிய விஷயம். குளுக்கோஸை எல்லா செல்லும் வாங்கிக்கும், தசை, மூளை, கொழுப்பு செல்னு பங்கு பிரிஞ்சு போயிடும். ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் குடல்லயும் கல்லீரல்லயுமே காலியாகுது, அதுலயும் நிறைய வந்தா பாரம் கல்லீரல் தலையிலதான். குளுக்கோஸை உடைக்கிற பாதையில, செல்லுல எனர்ஜி போதும்னா வேகத்தை குறைக்கிற ஒரு என்சைம் இருக்கு, பாஸ்போஃப்ரக்டோகைனேஸ்னு பேரு. ஃப்ரக்டோஸ் அந்த இடத்தை தாண்டி உள்ள நுழையுது, அதனால பிரேக் இல்லாத வண்டி மாதிரி வந்ததெல்லாம் உடைபட்டுட்டே போகும், மிச்சம் கொழுப்பா மாறும், ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு ஏறும், நடுவுல செல்லோட எனர்ஜி சில்லறையான ஏடிபி மளமளன்னு செலவாகறதால யூரிக் அமிலமும் கூடும்.

சரி, பழத்துக்கு வருவோம். தாராளமா சாப்பிடுங்க, கெட்டது அளவும் வேகமும்தான். முழு பழத்துல ஃப்ரக்டோஸ் நார்ச்சத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, மெல்லணும், வயிறு நிறையும், ரெண்டு பழத்துக்கு மேல உங்களாலயே முடியாது. அதையே ஜூஸ் போட்டா ஒரு டம்ளருக்கு மூணு நாலு பழம் போகும், சக்கையை வடிகட்டி கொட்டிட்டு சர்க்கரைத் தண்ணியை மட்டும் அரை நிமிஷத்துல முடிச்சிடறோம். அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 2015-ல கொடுத்த வழிகாட்டுதல்ல பழ ஜூஸையும் தேனையும் குறைக்க வேண்டிய சர்க்கரை (‘ஃப்ரீ சுகர்’) கணக்குலயே வச்சது, முழு பழத்தை சேர்க்கல. மொத்த கலோரியில இது 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னாங்க, 2000 கலோரி சாப்பிடறவங்களுக்கு 50 கிராம், முடிஞ்சா 25 கிராமுக்குள்ள நிறுத்துங்கன்னாங்க.

இதுல ஒரு உஷார். ரத்த சர்க்கரையை ஏத்தாதுன்னு சொல்லி தனி ஃப்ரக்டோஸ் பவுடர் விக்கறாங்க. பெருசா ஏத்தாதுங்கறது நிஜம்தான், ஏன்னா விரல்ல குத்தி பார்க்கற மெஷின் குளுக்கோஸை மட்டும்தான் காட்டும், கல்லீரல்ல என்ன சேருதுன்னு அதுக்கு எப்படி தெரியும்?

கேள்வி: பாட்டில்ல இருந்த தேன் அடியில சர்க்கரை மாதிரி உறைஞ்சு போச்சு. கலப்படமா?

உறைஞ்சதை மட்டும் வச்சு அப்படி சொல்லிட முடியாது. தேன்ல ஃப்ரக்டோஸ் சுமார் 38 சதவீதம், குளுக்கோஸ் 31, தண்ணி 17 கிட்ட. இவ்ளோ கம்மி தண்ணியில குளுக்கோஸ் முழுசா கரைஞ்சு நிக்காது, மெதுவா படிகமா இறங்கும், ஃப்ரக்டோஸ் நல்லா கரையும்ங்கறதால மேல திரவமாவே நிக்கும். வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வச்சா இளகிடும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் நக்கக்கூட கொடுக்காதீங்க, பொட்டுலிசம்ங்கற, நரம்பைத் தாக்கற நோயோட கிருமி வித்து அதுல இருக்கலாம். மத்தபடி இதுவும் சர்க்கரைதான், ஆரோக்கியம்னு நினைச்சு ஊத்திக்காதீங்க.

கேள்வி: டிஎன்ஏ-ல சர்க்கரை இருக்குன்னு பையன் பாடத்துல பார்த்தேன், அச்சுப் பிழையா?

பிழை இல்லம்மா. டிஆக்ஸிரைபோஸ், 5 கார்பன் சர்க்கரை. உங்க ரத்த வகைகூட சிவப்பணு மேல தொங்கற சர்க்கரைச் சங்கிலியோட நுனியில என்ன இருக்குங்கறதை வச்சுதான், கேலக்டோஸ் ஒட்டியிருந்தா பி, அதுலயே கொஞ்சம் மாத்தம் இருந்தா ஏ, ரெண்டும் இருந்தா ஏபி, எதுவும் ஒட்டலன்னா ஓ.

கேள்வி: வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ் கொடுக்கறோமே, உப்பு போனதுக்கு உப்பு சரி, சர்க்கரை எதுக்கு? தெம்புக்கா?

தெம்புக்கு இல்ல. குடல் சுவர்ல ஒரு புரதக் கதவு இருக்கு, அது சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துதான் உள்ள விடும், ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணும் போகாது. ராபர்ட் கிரேன்ங்கற உயிர்வேதியியல் விஞ்ஞானி 1960-ல சொன்ன விஷயம் இது. அந்த சோடியத்துக்கு பின்னாடியே தண்ணியும் போகும், காலராவுலகூட இந்தக் கதவு வேலை செய்யும், அதான் இவ்ளோ உயிர் பிழைச்சது. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்புன்னு அளந்து வச்சிருக்காங்க. இனிப்பா இருந்தா குழந்தை குடிக்கும்னு கூட ரெண்டு ஸ்பூன் போட்டுடாதீங்க, சர்க்கரை அதிகமானா அதுவே தண்ணியை குடலுக்குள்ள இழுத்து போக்கை கூட்டிடும்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர் மாத்திரை போடறோம். திடீர்னு லோ ஆனா சாக்லேட் கொடுத்தா போதுமா?

சாக்லேட் வேணாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறறதை தாமதப்படுத்தும். 70-க்கு கீழ போயிட்டா, நினைவோட இருக்காருன்னா, 15 கிராம் குளுக்கோஸ் தண்ணியில கலக்கி கொடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க, ஏறலன்னா திரும்பவும் அதே அளவு. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான். மாத்திரை அட்டையில அகார்போஸ்னு இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, அந்த மருந்து சாதா சர்க்கரை குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமா உடையறதை குடல்லயே தடுத்துடும், அவங்களுக்கு சர்க்கரைத் தண்ணி சட்டுனு கேக்காது, குளுக்கோஸ் பவுடரேதான் வேணும், ஒரு பாக்கெட் வாங்கி அவர் கைக்கு எட்டற இடத்துல வச்சிடுங்க.