நாலு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு தைப்பதும் பின்னுவதும் நூற்பதும்

கேள்வி: ரீச்சர், நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன். மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 4. கணவர் விடிய 7 மணிக்கு வேலைக்குப் போனால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வருவார். மாமியும் எங்களோடு இருக்கிறார். அம்மாவின் பழைய மிதிமெஷின் என்னிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தியே, ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோசே பழகினேன். போன வருசம் வீடியோ பார்த்து, கையால் சுழற்றும் தக்களிக் கதிரில் நூல் நூற்கவும் தொடங்கினேன். மூன்றும் பிடிக்கும், ஆனால் ஒன்றும் முடிந்தபாடில்லை. சின்னவன் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். இரவில் எடுத்தால் கண் சொருகுகிறது. மாமி ஒன்றும் சொல்வதில்லை, ஆனாலும் பகலில் மெஷினில் போய் இருக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வேறு சாறிச் சட்டை தைத்துத் தரக் கேட்கிறார். இதில் எதை வைத்திருப்பது, எதை விடுவது?

பதில்: எதையும் விட வேண்டாம், தங்கச்சி. முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தேன், மூன்று பிள்ளைகளையும் வளர்த்தேன். நேரம் இல்லை என்று சொல்லும் தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை "அம்மா" என்று கத்தினால், கையில் இருப்பதை எவ்வளவு கெதியாகக் கீழே வைக்கலாம்? எந்த வேலையை எந்த நேரத்தில் எடுப்பது என்பது அதில்தான் இருக்கிறது.

குரோசேயில் ஊசியில் நிற்பது எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான். பிள்ளை ஊசியை உருவிக்கொண்டு ஓடினாலும் ஒரு கண்ணிதான் கழரும், நாலைந்து கண்ணி அவிழ்ந்தால் திரும்பப் பின்னலாம். இரண்டு கம்பியில் பின்னும் நிற்றிங் அப்படியில்லை. ஐம்பது அறுபது கண்ணி கம்பியில் நிற்கும், உருவினால் அத்தனையும் போச்சு. அதனால் மகன் பள்ளிக்கூடம் போகும்வரை நிற்றிங் பக்கம் போகாதீர்கள். குரோசேயை விட்டு எழும்பும்போது கண்ணியை இரண்டு விரல் நீளத்துக்கு இழுத்து, அதில் ஒரு சேஃப்டி பின்னைப் பூட்டி விடுங்கள். எத்தனையாவது வரி என்று மறந்து போவதுதான் அடுத்த தொல்லை. பத்து வரிக்கு ஒருமுறை வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பெரிய மேசை விரிப்பு ஒன்றைத் தொடங்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை மடித்து அலுமாரியில் வையுங்கள். இப்போது உள்ளங்கை அளவுச் சதுரங்களாகப் பின்னுங்கள். சோறு வேகும் நேரத்தில் ஒன்று முடியும். முப்பது, நாற்பது சேர்ந்த பிறகு இணைத்தால் தலையணை உறையோ கதிரை விரிப்போ ஆகும். கம்பளி நூல் எங்கள் வெக்கைக்கு ஒத்து வராது, தொட்டாலே வியர்க்கும். பருத்தி நூலும் 3 மி.மீ. ஊசியும் போதும். நவீன சந்தைப் பக்கம் நூல் வாங்கும்போது பந்துகளின் லேபலில் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவையான அவ்வளவையும் ஒரே தடவையில் வாங்கி விடுங்கள். பிறகு போய் வாங்கினால் அதே நீலம் வேறு நீலமாக வரும்.

நூலை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. மூடி இறுகப் பூட்டும் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை எடுங்கள். ஆணியைச் சூடாக்கி மூடியின் நடுவில் துளை போட்டால் விளிம்பு உருகி வழுவழுப்பாக நிற்கும். நூல்பந்தை உள்ளே போட்டு, நுனியை மட்டும் துளையால் எடுங்கள். பனையோலைப் பெட்டிதான் எனக்கும் ஆசை, ஆனால் ஓலை விளிம்பு நூலைப் பிய்க்கும். அதில் வைப்பதென்றால் உள்ளே பழைய சாரத் துண்டு ஒன்றை விரித்துத்தான் வைக்க வேண்டும்.

தையல் வேறு கதை. தையலை ஒரே வேலை என்று நினைப்பதால்தான் அது முடிவதில்லை. வெட்டுவது, மெஷினில் ஓட்டுவது, கையால் முடிப்பது என்று மூன்றாகப் பிரியுங்கள். வெட்டும்போது குழப்பக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கணவர் சின்னவனை வெளியே கூட்டிக்கொண்டு போகும் ஒரு மணித்தியாலம் அதற்கு. புதுப் பருத்தித் துணியை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அழுத்தி எடுத்த பிறகுதான் கத்தரிக்கோல் படவேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே சட்டை சுருங்கும். வெட்டிய துண்டுகள், அதே நிற நூல், கீழ்நூல் சுற்றிய பொபின் இரண்டு, தெறி, கொளுக்கி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வையுங்கள். நூல் தேடி அலையாமல் இருந்தால் இருபது நிமிசத்தில் இரண்டு பக்கத் தையலும் ஒரு தோளும் ஓடி விடும். மடிப்புத் தைப்பதும் தெறி கட்டுவதும் பின்னேரம் விறாந்தையில் கதைத்துக்கொண்டே செய்யும் வேலை.

மகளின் வெள்ளைச் சீருடையை நீங்களே தையுங்கள். ஒன்பது வயசில் பிள்ளை வருசத்துக்கு ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் வளரும். அதனால் கீழ்மடிப்பில் இரண்டரை அங்குலம் விட்டு, மெஷினில் ஓட்டாமல் கையால் தையுங்கள். வருச நடுவில் பிரித்து இறக்கலாம், தையல் தடமும் தெரியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதில் சவர்க்காரம் திரண்டு வெள்ளைத் துணியில் சாம்பல் நிறமாகப் படியும். கடைசியாக அலசும் வாளியில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் அந்தப் படிவு குறையும்.

இப்போது மிதிமெஷின். நான் இதை எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான். நாலு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பெரிய சில்லு ஒரு விளையாட்டுச் சாமான். மிதிபலகையை ஆட்டிவிட்டுச் சில்லுக்குள் விரலை விடுவான், இல்லாவிட்டால் மேலே ஏறி ஊசிக்குக் கீழே விரலை வைப்பான். நீங்கள் எழும்பும் ஒவ்வொரு தடவையும் இரண்டு காரியம் செய்யுங்கள். கைச்சில்லின் நடுவில் ஒரு வட்டத் திருகு இருக்கும். பொபினுக்கு நூல் சுற்றும்போது தளர்த்துவீர்களே, அதுதான். அதைத் தளர்த்தி விட்டால் சில்லு சுற்றும், ஊசி இறங்காது. பிறகு மேல்சில்லையும் கீழ்ச்சில்லையும் இணைக்கும் பட்டியைக் கழற்றி விடுங்கள். அப்போது பலகையை மிதித்தாலும் மேலே ஒன்றும் அசையாது. இரண்டும் சேர்த்துப் பத்து விநாடி வேலை. கத்தரிக்கோலும் குண்டூசியும் லாச்சியில் வேண்டாம், அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

அம்மாவின் மெஷினை விற்று மோட்டர் மெஷின் வாங்கும் எண்ணம் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருசங்களில் இந்த மிதிமெஷின்கள்தான் எங்களுக்கு உடுப்புத் தைத்துத் தந்தன. ஜாம்போத்தல் விளக்கை மெஷின் பலகையில் வைத்துவிட்டு, துணியில் எண்ணெய் சிந்தாமல் இருக்க என் அம்மா இடது கையால் அதை மெல்லத் தள்ளித் தள்ளித் தைப்பார். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் மெஷின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது வீட்டில் விட்டுப் போன மெஷின் கால் இல்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் தலை ஒன்று, கால் வேறொன்று, ஓட்டம் மட்டும் அப்படியே. எண்ணெய் விடுவதும் பொபின் அறையில் சேரும் பஞ்சைத் துடைப்பதும் தவறாமல் நடந்தால் உங்கள் மகளும் அதில் தைப்பாள். மெஷினுக்கென்று விற்கும் எண்ணெயைத்தான் விடவேண்டும். தேங்காயெண்ணெய் நாளானால் பிசினாகி இறுகிவிடும்.

மூன்றில் ஒன்றை விடுவதென்றால் நூல் நூற்பதைத்தான் நீங்கள் விட நினைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை விடாதீர்கள். மூன்றிலும் பிள்ளைக்கு மிகவும் பொருந்துவது அதுதான். நூல் அறுந்தால் நட்டமில்லை, நுனியில் பஞ்சை வைத்து முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு அடிக்கடி அறுந்திருக்கும், அது கையின் பிழை அல்ல என்று நினைக்கிறேன். மருந்துக்கடைப் பஞ்சில் நூற்றிருப்பீர்கள். அது கட்டையானது, வெளுத்தது, பிடிப்பில்லாதது. இலவம்பஞ்சு அதைவிட மோசம், இழை வழுக்கிக்கொண்டு போகும். வளவில் ஒரு பருத்திச் செடி வையுங்கள். காய் வெடித்த பிறகு பஞ்சைக் கொட்டையோடு எடுத்து, விரலால் இழையைக் கோதி விட்டு, கொட்டையிலிருந்தே நேராக நூலுங்கள். கொட்டையே இழையைப் பிடித்துத் தரும். பழகுகிறவர்களுக்கு இதைவிட இலேசான வழி எனக்குத் தெரியாது.

தக்களியை அந்தரத்தில் தொங்க விட்டால் அதன் பாரம் மெல்லிய பருத்தி நூலை அறுக்கும். ஒரு சிரட்டையின் உட்பக்கத்தை நன்றாகத் தேய்த்து, மடியில் வைத்து, தக்களியின் அடிநுனியை அதில் ஊன்றிச் சுழற்றுங்கள். சுழலும் சத்தத்தைக் கேட்கவே சின்னவன் பக்கத்தில் வந்து இருப்பான். அவனுக்கும் கொஞ்சம் பஞ்சைக் கொடுத்துக் கோத விடுங்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வரண்டு வீசும் மாதங்களில் இழை மொறுமொறுத்து அறுபடும். மழைக்காலத்துக் காற்றில் ஈரம் இருப்பதால் அதே பஞ்சு பணிந்து வரும். கார்த்திகை, மார்கழியை நூற்பதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித்துறை என்று ஊருக்கே பேர் வைத்திருக்கிறோம். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்ததே கதர் நிதி சேர்க்கத்தான். இது ஒன்றும் வீடியோவில் வந்த புதுப் பழக்கம் இல்லை என்று மாமியிடம் சொல்லுங்கள்.

மாமியைப் பற்றியும் ஒன்று. ஒரு மாதிரி இருக்கிறது என்று ஒளித்து ஒளித்துத் தைக்காதீர்கள். இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை மெஷினில் இருப்பேன் என்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு எழும்புங்கள். அதோடு, றேந்தை, அதுதான் லேஸ், பின்னத் தெரியுமா என்று மாமியிடம் ஒருமுறை கேளுங்கள். அந்த வயசுப் பெண்கள் எத்தனையோ பேர் லேஞ்சி ஓரத்துக்குப் பின்னியவர்கள். கேட்பாரில்லாமல் விட்டிருப்பார்கள்.

இரவில் மெஷின் வேண்டாம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடும் வேலை எந்த விளக்கிலும் வேண்டாம். கண் சொருகினால் படுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்த வருசம் இல்லை என்று சொல்லுங்கள். சாறிச் சட்டை அளவு பிசகாத வேலை, நாள் குறித்துக் கேட்பார்கள். நாள் வந்துவிட்டால் பிள்ளை கூப்பிடும்போது எழும்ப மனம் வராது. அளவுச் சட்டை ஒன்றைக் கூலிக்குத் தைக்கும் முன், உங்களுக்கென்று நாலு தைத்துப் பழகுங்கள்.

நூற்ற முதல் நூல் தடித்தும் மெலிந்தும்தான் இருக்கும், எறிய வேண்டாம். தளர்வாக வளையமாகச் சிட்டம் சுற்றி, கொஞ்சம் சலவைச் சோடா போட்டு அரை மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். பஞ்சிலுள்ள மெழுகு இறங்கித் தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு வரும். நன்றாக அலசிக் காயவைத்து, மூன்று இழையாக முறுக்கி, விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்தால் கார்த்திகை விளக்கீட்டுக்குத் திரி ஆயிற்று. அது எண்ணெயைக் குடித்து எரியும்.