பகல் தூக்கம் பிடிபட என்ன வழி?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இரவு 8 முதல் காலை 8 வரை டூட்டி, தொடர்ந்து ஆறு இரவுகள். ஹாஸ்டலுக்கு வந்து 9 மணிக்குப் படுத்தால் 11 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் புரள்வதுதான். என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: இது நோயல்ல, உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் வேலை. விடியலில் உடல் வெப்பம் ஏறத் தொடங்கும். நீங்கள் படுக்கும் 9 மணிக்கு உடல் விழித்திருக்கத் தயாராகிவிட்டிருக்கும். அதனால் ஆறரை மணி நேரத்தை ஒரே மூச்சில் தூங்கப் பார்க்காமல் இரண்டாகப் பிரியுங்கள். காலை 9 முதல் 2 வரை ஒன்று, மாலை 5 முதல் 6.30 வரை ஒன்று. டூட்டிக்குப் போகும் முன் தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள்.

காபியைக் கவனியுங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடலில் நிற்கும். காலை 6.30-க்கு வார்டில் எல்லோரோடும் சேர்ந்து குடிக்கும் டீதான் பலருக்கு 11 மணி விழிப்பைக் கொண்டுவருகிறது. இரவு 2 மணியோடு காபி, டீயை நிறுத்துங்கள். அதே சமயம் வெறும் வயிற்றோடு படுத்தால் பசி எழுப்பிவிடும். இரண்டு இட்லி போதும்.

வெயில் கண்ணில் பட்டால் ‘பொழுது விடிந்தது’ என்று மூளை முடிவு செய்துவிடும். பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். ஜன்னலுக்குத் தடித்த போர்வையை இரண்டாக மடித்து, ஓரங்களில் வெளிச்சம் கசியாமல் கிளிப் போடுங்கள். ஃபேன் சத்தம் நல்லதே, காரிடார் பேச்சை அது மூடும். போனில் வீட்டு எண்ணும் வார்டு எண்ணும் மட்டும் ஒலிக்கட்டும். கண் சொருகும் காலையில் ஸ்கூட்டியை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். நொடிப்பொழுது கண் அயர்ந்தாலும் ஆபத்து.

கேள்வி: நைட் டூட்டியில் விடியற்காலை 4 மணிக்கு, நோயாளிக்கு ஏற்றும் ட்ரிப்ஸின் சொட்டுக் கணக்குகூடத் தடுமாறுகிறது. தவறு செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: அந்தப் பயம் நல்ல நர்சுக்கு வருவதுதான். 3 முதல் 5 மணி வரை உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும், கவனமும் அதோடு சரியும். ஆகவே அந்த நேரத்தில் மனக்கணக்கு வேண்டாம். டூட்டி ஏற்றதுமே எல்லாக் கணக்கையும் எழுதி முடித்துவிடுங்கள். 500 மி.லி. திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ட்ரிப்ஸ் குழாய் (செட்) மி.லி.-க்கு 20 சொட்டு விடும் என்றால்: 500-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. செட் உறையில் 15 என்று போட்டிருந்தால் 16 சொட்டு. உறையைப் பார்க்காமல் பழக்கத்தில் ஓட்டும்போதுதான் தவறு நேர்கிறது.

இன்சுலினில் கூடுதல் கவனம். மி.லி.-க்கு 40 யூனிட் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் வயலுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், நோயாளியின் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் மூன்றையும் இன்னொரு சிஸ்டரிடம் காட்டி, வயலையும் அளவையும் வாய்விட்டுப் படித்த பிறகே கொடுங்கள். தூங்கும் சிஸ்டரை எழுப்ப நேர்ந்தாலும் எழுப்புங்கள், அதில் கூச்சமே வேண்டாம்.

வார்டு விதி அனுமதித்தால், 1-க்கும் 3-க்கும் இடையே இடைவேளையில் 20 நிமிடம் அலாரம் வைத்துக் கண் அயரலாம். நோயாளிகளை வேறொருவரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். எழுந்ததும் மந்தம் தெளியக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஊசி மருந்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: மகள் நைட் டூட்டியில் நள்ளிரவில் பரோட்டா சாப்பிடுகிறாள். சரியா?
– ஒரு தாய், சேலம்

பதில்: வேண்டாம் அம்மா. நள்ளிரவுக்கு மேல் உடல் சர்க்கரையைச் சரியாகக் கையாளாது, வயிறும் கனத்துத் தூக்கம் வரும். முழுச் சாப்பாட்டை 7 மணிக்கே போட்டு அனுப்புங்கள். டப்பாவில் சுண்டலோ வாழைப்பழமோ கொடுத்துவிடுங்கள். மாதவிலக்கு தொடர்ந்து தள்ளிப்போனாலோ, வலிப்பு நோயோ, இன்சுலின் போடும் சர்க்கரை நோயோ இருந்தாலோ, நைட் டூட்டி பற்றி மருத்துவரிடம் முதலிலேயே பேசச் சொல்லுங்கள்.