முதலில், "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேளுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீடியோ கேம் கதையைப் பொது இடத்தில் பேசுவது தப்பா? ஒரு கேம் வெளிவந்து எத்தனை நாள் கழித்து முடிவைத் தாராளமாகப் பேசலாம்?

பதிலுக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், ஃபைனல் ஃபேன்டஸி 7 இரண்டிலும் வரும் பெரிய திருப்பங்கள் கீழே பச்சையாக வருகின்றன. அவற்றை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இப்படியே திரும்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்ற கேம்களின் பெயர் வரும், கதை வராது.

என் அக்கா மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். போன முழுப் பரீட்சை லீவுக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கினான். ஒரு மத்தியானம் பார்த்தால் செல்போனில் சான் ஆண்ட்ரியாஸ் ஆடிக்கொண்டிருக்கிறான். 2004-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கேம். 2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வழியாகவும் போனுக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரே குஷி. நாங்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிய கேம் அல்லவா!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் எங்களில் ஒருத்தனும் மிஷன் செய்ததில்லை. இருப்பது ஒரு மணி நேரம், அதில் உட்கார்ந்து கதையா கேட்டுக்கொண்டிருப்பது? போனதும் 'ஹெசோயாம்' என்று தட்டுவோம். உயிர், கவசம் எல்லாம் நிரம்பி, கையில் இரண்டரை லட்சம் டாலரும் வந்துவிடும். அப்புறம் போலீஸை வம்புக்கு இழுப்பதுதான் வேலை. அந்தக் கேமுக்குக் கதை என்று ஒன்று இருப்பதே எனக்கு வேலைக்குப் போய்ச் சொந்தமாக கம்ப்யூட்டர் வாங்கிய பிறகுதான் தெரியும்.

இவன் அப்படியில்லை. ஒவ்வொரு மிஷனாக, சப்டைட்டிலை ஒரு வரி விடாமல் படித்து ஆடுகிறான். கதாநாயகனின் கூட்டாளி பிக் ஸ்மோக் காரில் உட்கார்ந்தபடி ஒரு கல்யாண வீட்டுக்கே ஆகிற அளவுக்குச் சாப்பாடு ஆர்டர் செய்வானே, அந்த இடத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "ஸ்மோக் செம ஆளு மாமா" என்றான். நான் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்திருக்கலாம். "அவனை ரொம்ப நம்பாதேடா" என்று சொல்லித் தொலைத்தேன்.

பையன் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஏன் மாமா?" என்றான். நான் "அம்மா போன் பண்ணாளா?" என்று பேச்சை மாற்றினேன். அதுவே பதிலாகிவிட்டது.

பிக் ஸ்மோக் தன் கூட்டாளிகளையே காட்டிக்கொடுப்பவன். நாம் ஆடும் கதாநாயகன் சிஜேவின் அம்மாவைச் சுட வந்தவர்களின் பச்சைக் காரோடு ஸ்மோக்கும் இன்னொரு கூட்டாளி ரைடரும் நிற்பதை சிஜே ஒளிந்திருந்து பார்க்கும் காட்சிதான் அந்தக் கதையின் முதுகெலும்பு. அதுவரைக்கும் நாம் அவனோடு ஒரே காரில் சுற்றியிருப்போம், அவனுக்காக ரயிலைத் துரத்தியிருப்போம். அந்த இடத்துக்கு என் அக்கா மகன் வந்தபோது, "ம், தெரியுமே" என்று ஒரு பார்வை மட்டும் பார்த்தான். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

இத்தனைக்கும் என் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தேன். இருபது வருஷப் பழைய கேம், ஊர் உலகத்துக்கே தெரிந்த கதை, இதில் என்ன ரகசியம்? ஆனால் 2004-ல் இவன் பிறக்கவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அந்தக் கேம் அந்த லீவில்தான் வெளிவந்தது.

அதனால்தான் 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சினிமாவுக்கு ஏதோ ஒரு கணக்கு ஓரளவு ஓடும். இரண்டரை மணி நேரம், படம் தியேட்டரை விட்டுப் போவதற்குள் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிடுவார்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி ஒரு கேமில் பிரதானக் கதையை மட்டும் முடிக்கவே சுமார் ஐம்பது மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போகிறவன், அதிலும் குழந்தை இருப்பவன், சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு இரண்டு மணி நேரம் ஆடுவான். நீங்களே வகுத்துப் பாருங்கள், ஆறு மாசம்.

விலை இன்னொன்று. பெரிய பிளேஸ்டேஷன் 5 கேம்கள் இங்கே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு வருகின்றன. முதல் நாளே அதைக் கொடுத்து வாங்க எத்தனை பேரால் முடியும்? என் சிநேகிதர்களில் பாதிப் பேர் சேல் வரட்டும் என்று ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காத்திருக்கிறவர்கள். பிளேஸ்டேஷனே வாங்காமல் அந்தக் கேம் கம்ப்யூட்டருக்கு வரும் நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களும் உண்டு. ரெட் டெட் 2 பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோல்களில் வந்தது 2018 அக்டோபரில், கம்ப்யூட்டருக்கு வந்தது 2019 நவம்பரில். வெளிவந்த தேதியிலிருந்து எண்ணினால், காசில்லாதவன் எப்போதும் லேட்.

எண்ணத்தான் வேண்டும் என்றால் கதையில் எங்கே நிற்கிறான் என்று எண்ணுங்கள். அட்லஸ் கம்பெனி 2017-ல் பெர்சோனா 5 என்ற கேமை ஜப்பானுக்கு வெளியே வெளியிட்டபோது இதைத்தான் செய்தது. அந்தக் கேமுக்குள்ளேயே ஒரு காலண்டர் ஓடும், பள்ளிக்கூடம் போகும் பையனின் ஒரு வருஷம். காலண்டரில் ஜூலை 7-ஐத் தாண்டி நேரலையில் காட்டினால் உங்கள் சேனலுக்கு ஆபத்து என்று மிரட்டினார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்டு, எல்லையை நவம்பர் 19 வரைக்கும் தள்ளி வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவனை மிரட்டியது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் உலகக் காலண்டரை விட்டுவிட்டு கேமின் காலண்டரைப் பிடித்தார்கள் பாருங்கள், அந்தக் கணக்கு சரி.

நாம் அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று ஒரு கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு அதற்கு முந்தின கதையை மட்டும் பேசுங்கள்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேட்டுவிட்டு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். "நாலாவது சேப்டரா? ஓஹோ... அங்கயா இருக்கே... சரி சரி, ஆடு ஆடு" என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறக்கவே இல்லை, ஆனால் அடுத்த மிஷனில் எவனோ சாகப்போகிறான் என்று தெரிந்துபோகிறது. "பெரிய ட்விஸ்ட் இருக்கு, நான் எதுவும் சொல்ல மாட்டேன்ப்பா" என்பதும் அதே ஜாதி. ட்விஸ்ட் இருக்கிறது என்பதுதானே ஐயா ரகசியத்தில் பாதி! நான் அக்கா மகனிடம் சொன்னதும் இந்த வகைதான். கதையில் ஒரு வரியைக்கூட நான் சொல்லவில்லை.

சரி, பொது இடம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரெட் டெட் 2-ஐ பாதி விலைக்கு வாங்கி நாலாவது சேப்டரில் இருந்த சமயம். தாம்பரத்தில் ஏறிய எலக்ட்ரிக் ட்ரெயினில் எதிர் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். பல்லாவரம் தாண்டியதும் பேச்சு அந்தக் கேமின் கதாநாயகன் ஆர்தர் மார்கன் பக்கம் வந்தது. காதில் இயர்போன் இருந்தது, பாட்டு ஓடவில்லை. கிண்டி வருவதற்குள் ஆர்தருக்கு என்ன ஆகும் என்பது ஒரே வாக்கியத்தில் என் காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் ஆடிய அத்தனை மணி நேரமும் குதிரையை ரசித்தேனா, மலையைப் பார்த்தேனா? ஒவ்வொரு காட்சியிலும் அதன் அறிகுறியைத் தேடிக்கொண்டிருந்தேன். தெரியாமல் இருக்கிறவன் கவனிக்காமல் விடுவான் என்று நம்பித்தான் அதைச் செய்தவர்கள் அங்கங்கே தூவி வைத்திருக்கிறார்கள். கவனிக்காமல் விடும் பாக்கியம் எனக்குப் போய்விட்டது.

அந்தப் பையன்கள் மேல் தப்பு உண்டா? யோசித்துப் பார்த்தால் பெரிதாக இல்லை. நான் அந்தக் கேம் ஆடுகிறேன் என்று என் நெற்றியிலா எழுதியிருக்கிறது? ரயிலில் இரண்டு பேர் தங்களுக்குப் பிடித்ததைப் பேசத்தான் செய்வார்கள். "தம்பி, நான் இன்னும் முடிக்கலை" என்று பல்லாவரத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவன் நான். முடிக்காதவனுக்கும் ஒரு கடமை உண்டு. குரல் கொடுக்க வேண்டும், இல்லை எழுந்து போக வேண்டும். பாட்டையாவது போட்டிருக்கலாம்.

வேண்டுமென்றே செய்கிறவர்கள் விஷயம் வேறு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேமின் இரண்டாம் பாகம் 2020 ஜூனில் வந்தது. ஏப்ரல் கடைசியிலேயே அதன் காட்சிகள் கசிந்துவிட்டன. சம்பந்தமே இல்லாத வீடியோக்களுக்குக் கீழேயெல்லாம் போய் அந்தக் கதையை எழுதி வைத்தார்கள். இவர்களுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, பிளாக் செய்துவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

"முடிவு தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கையில் ஓர் ஆராய்ச்சி வைத்திருப்பார்கள். 2011-ல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் செய்தது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சொல்லப்பட்டவர்கள்தான் கூடுதலாக ரசித்தார்கள் என்று முடிவு வந்தது. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. நம் ஊர் பாரதக் கூத்துக்கு வருகிறவர்களில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று தெரியாமல் வருகிறவர் யார்? எல்லாம் தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

ஆனால் கூத்தில் கதையை நடத்துவது பீமன், நான் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவன். கேமில் கன்ட்ரோலரைப் பிடித்திருப்பது நான். யாரை நம்புவது, யாருக்கு உதவுவது, எந்தக் கதவைத் திறப்பது எல்லாம் என் கை. துரோகி யார் என்று தெரிந்தபின் அவனைக் காப்பாற்ற நான் ஏன் உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்? பத்து நிமிஷக் கதையில் கிடைத்த முடிவை ஐம்பது மணி நேர உழைப்புக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது என் கட்சி.

அவுட்டர் வைல்ட்ஸ் என்று ஒரு கேம், 2019-ல் வந்தது. அதில் ஆயுதம் சேர்ப்பது, பலம் கூட்டுவது எதுவும் கிடையாது. நாம் சேர்ப்பது தகவல் மட்டும்தான். எல்லாம் தெரிந்த ஒருவன் தொடக்கத்திலிருந்து நேராக முடிவுக்கே போய்விடலாம். அப்படிப்பட்ட கேமில் "ஒரு க்ளூ மட்டும் சொல்லட்டுமா?" என்பதே பர்ஸிலிருந்து காசை எடுப்பது மாதிரி. கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவனுக்குச் சொல்லாதீர்கள். அதைப் பற்றி நானும் இதற்குமேல் பேசப்போவதில்லை.

பழசான ரகசியம் செத்துவிட்டது என்று எண்ணுவதும் ஆபத்து. ஃபைனல் ஃபேன்டஸி 7-ல் நம் கூடவே வரும் ஏரித் என்ற பெண் கொல்லப்படுவது 1997-ல் வந்தது. கேமே ஆடாதவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. பிறகு அதே கதையைப் புதிதாகச் செய்து 2020-ல் ஒரு பாகமும் 2024-ல் இன்னொரு பாகமும் விட்டார்கள். புதுசாக வந்தவனுக்கு அது முதல் தடவை. பழைய ஆட்கள்கூட "இந்த முறையும் அவளைக் கொல்வார்களா, மாற்றிவிடுவார்களா?" என்று தவித்தார்கள். இருபத்தேழு வருஷம் கழித்து ஸ்பாய்லர், அதாவது முன்கூட்டிச் சொன்னால் ரசனையைக் கெடுக்கும் ரகசியம், மறுபடி ஸ்பாய்லராகிவிட்டது.

எழுதும்போது ஒரே ஒரு விஷயம் போதும். கேம் ஆடுகிறவர்கள் அரட்டையடிக்கும் டிஸ்கார்ட் செயலியில் இரண்டு பக்கமும் இரட்டைக் கோடு போட்டால் வரி மறைந்துவிடும், பலரும் செய்கிறார்கள். ஆனால் கேமின் பெயரையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள். எந்தக் கேம், எத்தனையாவது சேப்டர் என்று வெளியே எழுதினால்தானே திறக்கலாமா என்று எனக்குத் தெரியும்? யூடியூப்காரர்கள் கேம் வந்த இரண்டாம் நாளே கடைசி வில்லன் முகத்தை வீடியோவின் முகப்புப் படமாக வைப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

அதே சமயம் ஒருத்தன் முடிக்கவில்லை என்பதற்காக மற்றவர்கள் வருஷக்கணக்கில் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டுமா? வேண்டாம். எங்கள் டீக்கடைக் கூட்டத்தில் நாலு பேர். மூன்று பேர் முடித்த கேமைப் பேச வேண்டும் என்றால் நாலாவது ஆளிடம், "நீ போய் டீ சொல்லிட்டு, அப்படியே பஜ்ஜி சூடா இருக்கான்னு பாத்துட்டு வாடா" என்போம். அவனும் புரிந்துகொண்டு போய்விடுவான். திரும்பும்போது தூரத்திலிருந்தே இருமிக்கொண்டு வருவான். ஒரே கேமுக்காக அவன் இப்படி எட்டு மாசமாக டீ சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அக்கா மகன் இப்போதும் அவ்வப்போது வருவான். இந்த முறை நான் காட் ஆஃப் வார் ராக்னராக் ஆடிக்கொண்டிருந்தேன். அவன் அதைச் சிநேகிதன் வீட்டில் முன்பே முடித்துவிட்டானாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எதுவரைக்கும் வந்திருக்கீங்க மாமா?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை. "சரி மாமா" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.