சப்பைப் போட்டதும் பேஸ் போச்சு: கார் ஆடியோ கேள்வி-பதில்

கே: போலோ விவோ காரில் 12 இன்ச் சப்வூஃபர் (சுருக்கமாக சப், பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால், சப்பை அணைத்தபோதுதான் பேஸ் நன்றாகக் கேட்கிறது! போட்டுக் கொடுத்தவர், "ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போதாது, இன்னும் 4,500 ரேண்ட் ஆகும்" என்கிறார்...
– சாட்ஸ்வொர்த்

ப: கொடுக்காதீர்கள். ஆம்ப் போதாவிட்டால் பேஸ் குறைவாகக் கேட்கும். ஏற்கெனவே இருந்த பேஸ் காணாமல் போகாது. உங்கள் வண்டியில் கதவு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது சப் இழுக்கிறது. முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். சப் ஆம்பில் 0/180 ஸ்விட்ச் (சப்பின் தள்ளலையும் இழுப்பையும் தலைகீழாக்குவது) இருந்தால் மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் ஆம்பை அணைத்துவிட்டு, சப்புக்குப் போகும் பிளஸ், மைனஸ் ஒயர்களை இடம் மாற்றுங்கள். உங்கள் சீட்டில் எந்த நிலையில் பேஸ் கூடுகிறதோ அதுவே சரி.

கதவுகளையும் சந்தேகப்படுங்கள். ஒரு கதவின் ஒயர் மட்டும் தலைகீழாக இருந்தால் பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் பரவும், பேஸ் மெலியும். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஒயரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் (கீச்சொலிகளுக்கான சிறு ஸ்பீக்கரில்) இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலி போக வேண்டும் என்று பிரிக்கும் ஃபில்டர். கதவுக்கு ஹைபாஸ் (மேலுள்ளதை விடுவது) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோபாஸ் (கீழுள்ளதை விடுவது) 80 ஹெர்ட்ஸ், இரண்டுமே 24 டெசிபல் (ஒரு ஆக்டேவுக்கு ஒலி சரியும் அளவு, அதாவது ஸ்லோப்) லிங்க்விட்ஸ்-ரைலி வகை என்று தொடங்குங்கள். ரேடியோ செட்டில் ஒரு ஃபில்டர், ஆம்பில் இன்னொன்று என்று இரண்டு இடத்தில் போட்டு வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். 24-ம் 24-ம் சேர்ந்து 48 ஆகும், ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நிலையும்) கூடவே சுற்றும். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் பெட்டி) இருந்தால் அளவு டேப் எடுங்கள். தலை இருக்கும் இடத்திலிருந்து சப் 190 செ.மீ., இடக் கதவு 135, வலக் கதவு 85 என்று வைத்துக்கொள்வோம். அதிக தூரத்திலிருந்து மற்றதைக் கழித்து 34.3-ஆல் (ஒலி ஒரு மில்லி செகண்டில் போகும் செ.மீ.) வகுத்தால், எல்லா ஒலியும் ஒன்றாக வந்துசேரத் தேவையான டிலே (தாமதம்) மில்லி செகண்டில் கிடைக்கும்: சப்புக்கு 0, இடக் கதவுக்கு 1.60, வலக் கதவுக்கு 3.06. நம் தென்னாப்பிரிக்காவில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதை மறந்து, அமெரிக்க வீடியோ பார்த்து இடக் கதவை அதிகமாகத் தாமதிப்பவர்களும் இருக்கிறார்கள்.

டேப் கணக்கோடு வேலை முடியாது. ஃபில்டரும் சப் பெட்டியும் தம் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். சப்பின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ் திசையை) வேண்டுமென்றே தலைகீழாக்கி, பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல்) ஓடவிட்டு, கதவுகளின் டிலேயைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள் (ட்வீட்டர்களும் அதே அளவு நகர வேண்டும்). 80 ஹெர்ட்ஸில் ஒலி மிகவும் குறைந்து பள்ளம் மிக ஆழமாகும் இடத்தில் நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி ஆக்குங்கள். சப்பும் கதவும் சேர்ந்து ஒலிக்கும் இடம் அதுதான்.

கே: "2000 வாட்" ஆம்ப் வாங்கினேன். சத்தமே இல்லை. ஃபியூஸ் 30 ஆம்பியர் ஒன்றுதான்...
– ஃபீனிக்ஸ்

ப: 30 ஆம்பியர் × 13.8 வோல்ட் = 414 வாட். நீடித்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போகும். கடையிலேயே ஃபியூஸைத் திருப்பிப் பார்த்திருக்கலாமே!

கே: ட்வீட்டர் இரண்டே நாளில் கருகிவிட்டது. குரல் நிறைய வரட்டும் என்று 1,000 ஹெர்ட்ஸில் வெட்டியிருந்தேன். கடை மாற்றித் தர மறுக்கிறது.
– டோங்காட்

ப: கடை சொல்வது சரி. பெட்டிக்குள் இருக்கும் தாளில் குறைந்தபட்ச ஹெர்ட்ஸ் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் ஒரு இன்ச் ட்வீட்டரை 1,000-இல் ஓட்டினால் கருகாமல் என்ன செய்யும்? 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் ஆறு மாத உரிமை பழுதான பொருளுக்கு. நீங்களே பழுதாக்கியதற்கு இல்லை. அடுத்த ஜோடி 4 ஓம் என்றால், பிளஸ் ஒயரில் 22 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். சுமார் 1,800 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தணிக்கும், ஆம்ப் போடும்போது வரும் 'டப்'பையும் தடுக்கும். அதுவும் ஃபேஸைக் கொஞ்சம் நகர்த்தும் என்பதால், அதை மாட்டிய பிறகே டிலே பாருங்கள்.

கே: காம்பொனென்ட் செட்டின் (நடு ஒலிக்கான மிட் ஸ்பீக்கரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது) ஒயரிங் படத்தில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. அச்சுப்பிழை என்று சொல்லி "சரி செய்து" மாட்டினார்கள். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. மறுபடி கதவைத் திறக்க 600 ரேண்ட் கேட்கிறார்கள்.
– ஸ்டாங்கர்

ப: பாவம், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. 12 டெசிபல் பாசிவ் கிராஸ்ஓவரில், வெட்டும் இடத்தில் மிட்டும் ட்வீட்டரும் 180 டிகிரி விலகி நிற்கும். அதை ஈடுகட்டவே கம்பெனி ட்வீட்டரைத் திருப்பி வரைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் படத்தில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். அரைகுறை வேலையை அவர்களே சரிசெய்ய வேண்டும், இல்லையேல் கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்ப வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவு. எழுத்தில் கேளுங்கள். 600 ரேண்ட் தர வேண்டாம்.

கே: டிஎஸ்பி ட்யூனிங்குக்கு 2,500 ரேண்ட் கொடுத்தேன். இப்போது ட்வீட்டர் மாற்ற வேண்டும். ஃபைலைக் கேட்டால் "எங்கள் ரகசியம்" என்கிறார்கள், பாஸ்வேர்டும் தரவில்லை.
– லெனேசியா

ப: என் கோபத்தைக் கிளறிவிட்டீர்கள். பொருள் உங்களுடையது, பணம் உங்களுடையது, வண்டியும் உங்களுடையது. ரகசியம் மட்டும் அவர்களுடையதா? 80 ஹெர்ட்ஸ், 3,000 ஹெர்ட்ஸ், 1.60 மில்லி செகண்ட் என்பதில் என்ன பரம ரகசியம்? ஒரு ட்வீட்டர் மாறினாலும் மறுபடி முழுக் கட்டணம் வாங்கத்தான் இந்தப் பூட்டு. ட்யூனிங் என்று காசு வாங்குபவர் மூன்றைத் தர வேண்டும்: திறந்த ஃபைல், முன்னும் பின்னும் மைக் வைத்து அளந்து எடுத்த கிராஃப், ஒவ்வொரு சேனலின் கிராஸ்ஓவர், ஸ்லோப், டிலே, போலாரிட்டி எழுதிய தாள். கிராஃப் இல்லையென்றால் மைக்கே வைக்கவில்லை என்று பொருள். பணம் கட்டும் முன் இன்வாய்ஸில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்; முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். எனக்கும் ஒரு கடையில் டிஎஸ்பியை விற்றுவிட்டு, கம்ப்யூட்டரில் இணைக்கும் கேபிளைத் தனியாக விற்றார்கள். அந்தப் பெட்டி இன்றும் அலமாரியில் கிடக்கிறது.

கே: தனி ஆளிடம் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' (உள்ளது உள்ளபடி) என்று எழுதி வாங்கிய டிஎஸ்பியில் ஒரு சேனல் வேலை செய்யவில்லை...
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க முடிந்தால் பேசலாம். எல்லா சேனலையும் ஓட்டிப் பார்க்காமல் ஏன் காசை நீட்டினீர்கள்?

கே: ட்யூன் செய்யக் காது போதாதா? அளக்க மைக் வாங்கத்தான் வேண்டுமா?
– வெருலம்

ப: 80 ஹெர்ட்ஸில் சமாளிக்கலாம். 3,000 ஹெர்ட்ஸில் அலை நீளமே 11.4 செ.மீ.; டேப்பில் 6 செ.மீ. பிசகினால் ஃபேஸ் தலைகீழாகிவிடும். தனி அளவுத்திருத்த ஃபைலோடு வரும் யூஎஸ்பி மைக் வாங்குங்கள், யூமிக்-1 அந்த வகை. அதை வைத்து அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம். மைக்கை டாஷ்போர்டில் சாய்த்து வைக்காமல், உங்கள் தலை இருக்கும் இடத்தில் வையுங்கள்.